ஒரே மண் என்று எழுதியவர்

அவர் வாயிலிருந்து நான் அதிகமாகக் கேட்ட சொல் 'வேற' என்பது. யாராவது இரண்டு கையிலும் மண்ணை அள்ளிவந்து இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால், தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சொல் வந்துவிடும். பிறகுதான் தொடுவார். தொட்ட பிறகும் அதையேதான் சொல்வார். அதில் கர்வம் கிடையாது. உங்கள் இரண்டு பிள்ளைகளும் ஒரே பிள்ளைதானே என்று கேட்கப்பட்ட தகப்பனைப்போல ஒரு திகைப்பு மட்டும் முகத்தில் தெரியும்.

நாகர்கோவிலில் அரசாங்கம் சிறியதொரு மண் பரிசோதனை அறையை நடத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதற்கு அவர் தலைவர். திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்துவிட்டு வந்த நான் உதவியாளர். இன்னொருவர் பியூன். மூன்று பேர்தான் மொத்த அலுவலகமும். தோவாளை மலையடிவாரத்திலிருந்து முட்டத்துப் பாறைகள்வரை எந்த இடத்தில் எந்த மண் இருக்கிறது என்று பார்த்து, நிறம் தீட்டி, ஒரு படம் தயாரித்துக் கொடுக்கவேண்டும். அதற்காகத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள்.

நெடிய உடம்பு, வேலையினால் முன்னோக்கி வளைந்திருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய தண்ணீர்க் குப்பி. வெளியே போகும்போது கொண்டுபோகும் மரப்பெட்டியில் இருந்தவற்றை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும்: துணிப்பைகள், சணல் கயிறு, பென்சில் (மை ஈரத்தில் கலங்கிவிடும்), மடக்குக் கத்தி, எலுமிச்சம்பழம், ஒரு துண்டுக் கண்ணாடி. பெட்டிக்கு வெளியே, தோளில், கீழ்முனையைத் திருகுபோல முறுக்கிய ஆள் உயர இரும்புக் கம்பி. அதை நிலத்தில் திருகி இறக்கி, ஒவ்வொரு சாண் ஆழத்துக்கும் வெளியே எடுத்து, திருகில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணைக் கத்தியால் வழித்தெடுப்பார். ஒரு கிள்ளு எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிப்பார். மணல் நறநறக்கும். வண்டல் மாவுபோலக் கரையும். களி பல்லில் அப்பிக்கொள்ளும். அப்படிக் கடித்துக் கடித்து மேல்பற்கள் இரண்டும் ஓரத்தில் தேய்ந்திருந்தன. சாருக்குச் சம்பளத்துக்குப் பதில் ஒரு வண்டி மண்ணை வீட்டு முற்றத்தில் தட்டிவிட்டால் போதும் என்று பியூன் சொல்வார், அவர் காதில் விழும்படியாகவே. அவர் சிரிப்பார்.

ஒரு நிலத்து மண்ணைச் சோதிக்க எங்களுக்கு அச்சிட்ட விதி ஒன்று இருந்தது. நிலத்தின் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பிடியைச் சோதித்தால் போதும். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள். அவர் மட்டும் செய்யமாட்டார். ஒவ்வொரு துளைக்கும், ஒவ்வொரு ஆழத்துக்கும் தனிப் பை. பைகளைப் பிரித்து உலர்த்தும்போது ஒரே தாளில் இரண்டு மண்ணைப் பரப்பினால் முகம் சுருங்கும். விதியை நான் ஒருதரம் நினைவூட்டியபோது அவர் சொன்னது இது.

"கலந்த பிறகு அது எந்த எடத்து மண்ணு மக்களே? அப்படி ஒரு மண்ணு பூமியில எங்கயும் கெடையாது. இல்லாத ஒண்ண எதுக்குச் சோதிக்கணும்?"

அவர் சொன்னது சரியாகவே பட்டது. ஆனால் அதனால் வேலை முடியாமல் கிடந்தது. பைகள் அலமாரியை நிறைத்து, மேசைக்கு அடியில் போய், பிறகு என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டன.

பறக்கைப் பக்கத்திலிருந்து ஒரு வயல்காரர் வந்தார். அவர் வயலில் ஒரு பக்கம் நெல் செழித்தும் ஒரு பக்கம் சோர்ந்தும் இருந்தது. என்ன உரம் போடலாம் என்று கேட்டார். இவர் போய் நாள் முழுக்கத் துளையிட்டுவிட்டு வந்து, மேற்கு மூலைக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, குளத்தங்கரை ஓரத்துக்கு ஒன்று என்று மூன்று விதமாகச் சொன்னார். வயல்காரர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"சாரே, நான் ஒரு வயலுக்கு மருந்து கேட்டேன். நீங்க அத மூணு வயலாக்கிட்டியளே. எனக்க தம்பிமாரு கேட்டானுவன்னா பாகத்துக்கு வந்து நிப்பானுவ."

நானும் பியூனும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வயல்காரர் எதைச் சொல்லிக் கவலைப்படுகிறார் என்பது அவருக்குப் புரியவே இல்லை என்று நினைக்கிறேன்.

பியூனின் தாயார் இறந்தபோது நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் அவர்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். குழி வெட்டியிருந்தது. பாட்டு முடிந்து போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்திருந்தோம். நிமிர்ந்தபோது, என் பக்கத்தில் நின்றிருந்த அவர் குழியின் விளிம்பில் குந்தியிருந்தார். விரலால் குழியின் பக்கச் சுவரை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் தோளைத் தொட்டு எழுப்பினார். திரும்பி வரும் வழியில் என்னிடம், தலைமாட்டில் செங்கல்போல இறுகிய வெட்டுகல் மண், கால்மாட்டில் செம்மண், ஆறடிக்குள் இரண்டு என்று சொன்னார். குரலில் வியப்பு இருந்தது. பின்னால் வந்த பியூனுக்கு அது கேட்டுவிட்டது. வெகுநாள்வரை பியூன் அவருக்குத் தண்ணீர்க் கூஜாவை நிரப்பிவைப்பதோடு சரி, முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்க அம்மையக்கூட ரெண்டா வகுந்துட்டாரு என்று என்னிடம் சொன்னார். வகுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்பதும் பியூனுக்குத் தெரியும். அதுதான் இன்னும் வருத்தம்.

படம் அவர் மேசையில் விரித்தே கிடந்தது. முதலில் நாலு நிறம். செம்மண், வண்டல், வெட்டுகல், கடலோர மணல். ஒவ்வொரு முறை வெளியே போய்விட்டு வரும்போதும் ஒரு நிறம் இரண்டாகும். நிறங்கள் தீர்ந்தபின் கோடுகள் போட்டார். கோடுகள் தீர்ந்தபின் புள்ளிகள். திருவனந்தபுரத்திலிருந்து மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, இது படமா, ஒட்டுப்போட்ட துணியா என்று கேட்டார். நாலு நிறத்தில் முடித்து அனுப்பும்படி சொல்லிவிட்டுப் போனார். சரி என்றார் இவர். அடுத்த வாரம் கடலோர மணல் மூன்றாகியிருந்தது.

இந்த நிலையில்தான் ஞானம்மா வந்தாள்.

மண்டைக்காட்டுக்கும் முட்டத்துக்கும் நடுவில், கடலைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, பழைய வாய்க்காலை ஒட்டி ஒரு புறம்போக்கு கிடந்தது. பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்து, அந்தத் தோப்புகளிலேயே குடிசை போட்டிருந்த குடும்பங்கள் அதைக் கேட்டு மனுக் கொடுத்திருந்தன. தோப்புக்காரர் வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் குடிசைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். அதே புறம்போக்கைத் தேங்காய்த் தொண்டு ஊறப்போடவும் கயிறு உலர்த்தவும் குளச்சல் வியாபாரி ஒருவரும் கேட்டிருந்தார். பயிர் செய்யத் தகுந்த மண் என்று எங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்தால் குடும்பங்களுக்கு. மழைக்கு முன் எழுதிக் கொடுக்காவிட்டால் வியாபாரிக்கு. இதுதான் தாசில்தார் போட்ட உத்தரவு. ஞானம்மா புருஷனை இழந்தவள், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய், அந்தக் குடும்பங்களுக்காகப் பேசத் தெரிந்த ஒரே ஆள்.

அவர் உடனே போனார். நானும் கூடப் போனேன். மேலே பார்த்தால் முழுவதும் ஒன்றுபோலவே இருந்தது. காற்று கொண்டுவந்து கொட்டிய செம்மணல் எல்லா இடத்தையும் மூடிப் பரவிக் கிடந்தது. கம்பியை இறக்கினால்தான் தெரிந்தது. சில இடங்களில் மணலுக்குக் கீழே நல்ல செவ்வல் மண். சில இடங்களில் முழங்கால் ஆழத்தில் கறுத்த களி, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். எப்போதோ உப்புநீர்க் காயல் கிடந்த இடம். வாய்க்கால் பக்கம் அது அதிகம் என்று மட்டும் சொல்லலாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. பைகளைச் சுமந்துகொண்டு திரும்பினோம். மறுபடியும் போனார். மறுபடியும் பைகள். மழை பெய்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தபிறகுதான் கோடு போட முடியும் என்றார்.

ஞானம்மா வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து, வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். படித்த பெண்ணுக்கு வேறு வேலை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. ஒருநாள் உள்ளேயே வந்துவிட்டாள். அவர் அப்போது அந்த நிலத்து மண் ஒன்றைப் பல்லில் வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏமானே, அந்த மண்ணத் தின்னு தின்னு பாக்கியளே. எங்க பிள்ளைக என்னத்தத் திங்கும்?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். மழை வரட்டும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"மழ வந்தா நாங்க அங்க இருக்கமாட்டோம். நல்லது எது கெட்டது எதுன்னு நீங்க மெல்லப் பாருங்க. எங்களுக்குக் கெட்டது ஆனாலும் போதும். நிக்கதுக்கு ஒரு எடம் வேணும்."

அவள் போனபிறகு அவர் வெகுநேரம் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தரையில் விரிக்கச் சொன்னார். அந்த நிலத்துப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதன்மேல் கொட்டினார். செவ்வலும் களியும் மணலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஜமுக்காளத்தின் மூலைகளைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக் கலந்தார். குவித்து, தட்டி, நாலாகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவித்தார். அச்சிட்ட விதியில் இருந்தபடியே, ஒரு படி விடாமல் செய்தார். கடைசியில் ஒரு பிடி மிஞ்சியது. என்ன நிறம் என்று சொல்ல முடியாத நிறம். அதை ஒரு கிண்ணத்தில் போட்டு என் மேசையில் வைத்து, இத நோக்கு மக்களே என்றார்.

நோக்கினேன். ஊறவைத்து வடித்த நீரில், உப்பு எவ்வளவு என்று பார்க்க, வெள்ளி உப்புக் கரைசலை விட்டேன். களியை மட்டும் முன்பு சோதித்தபோது பாலாகத் திரிந்தது இப்போது லேசாக மங்கியதோடு நின்றது. மற்றச் சோதனைகளும் அப்படியே. எதுவும் அதிகமில்லை, எதுவும் குறைவில்லை. அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: முழுவதும் ஒரே தன்மையான மண், நடுத்தரம், மரச்சீனிக் கிழங்கும் தெங்கும் விளையும்.

நிலம் குடும்பங்களுக்குக் கிடைத்தது. நன்றி சொல்ல அவர்கள் கூட்டமாக வந்தபோது அவர் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

நிலத்தைப் பங்கு வைப்பதற்கு முன் அவர் தாசில்தாரைப் பார்க்கப் போனார். வாய்க்கால் பக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் பொதுவில் விடும்படி கேட்டிருக்கிறார். தாசில்தார் மரியாதையாகவே பேசினாராம். முழுவதும் ஒரே மண் என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே சாரே, ஒரே மண்ணில் எந்தப் பக்கத்தை விடுவது என்று கேட்டாராம். திரும்பிவந்து இதை என்னிடம் சொன்னபோது, கேட்டதில் தவறில்லை என்று சேர்த்துக்கொண்டார். சீட்டுப்போட்டுப் பங்கு வைத்தார்கள். ஞானம்மாவுக்கு நடுவில் விழுந்தது. அவள் தம்பிக்கு அவளை அடுத்து, வாய்க்கால் பக்கமாக.

அதற்குப் பிறகு படம் சீக்கிரமாக முடிந்தது. புள்ளிகளை அழித்தார். கோடுகளை அழித்தார். நாலு நிறத்தில் தீட்டிச் சுருட்டி அனுப்பிவைத்தார். மேலதிகாரியிடமிருந்து பாராட்டி ஒரு வரி வந்தது. அலமாரி காலியாயிற்று. என் நாற்காலியை நகர்த்த இடம் கிடைத்தது. வயல்காரர்கள் வந்தால் ஒரு வயலுக்கு ஒரு உரம் சொன்னார். சாரு இப்பம் மனுசனாயிட்டாரு என்றார் பியூன். ஆனால் அதைச் சிரிப்பாகச் சொல்ல அவருக்கும் வரவில்லை. அவர் மண்ணைப் பல்லில் வைத்து நான் அதன்பின் பார்க்கவில்லை.

மரச்சீனி பிடுங்கும் காலத்தில் ஞானம்மா மறுபடி வந்தாள். தலைச்சுமையை இறக்கி அவர் காலடியில் வைத்தாள். தொடைக் கனத்தில் கிழங்குகள். அவர் அவற்றைப் பார்க்காமல், தம்பிக்கு எப்படி என்று கேட்டார். அவள் முகம் மாறியது.

"அவனுக்கு என்ன வெளையும்? மடியன். ஒரே மண்ணு, நடுவுல ஒரு வரப்பு. எனக்கு வெளஞ்சுது, அவனுக்க மூடு எல்லாம் வேரோட அழுகிப்போச்சு. இலை மஞ்சளிச்சப்பமே சொன்னேன், மண்ண அணைச்சுக் குடுலேன்னு. குடுத்தேன்னான். பொய்யி. ஆளுக முன்னால வச்சு நாணங்கெடக் கேட்டுட்டேன். மறுநாளு பெஞ்சாதியையும் கூட்டிட்டு மலைக்குப் போயிட்டான், தேயிலத் தோட்டத்துக்கு. எந்தத் தோட்டம்னும் தெரியல்ல."

அவர் எழுந்து மூலையில் சாத்தியிருந்த கம்பியை எடுத்தார். அதன் திருகில் துரு ஏறியிருந்தது. அவளோடு அதே பஸ்ஸில் நாங்களும் போனோம்.

தம்பியின் குடிசை வாசலில் ஓலை குறுக்கே கட்டியிருந்தது. அவன் நிலத்தின் நடுவில் கம்பியை இறக்கினார். முதலில் செம்மணல். பிறகு கறுத்த களி, அந்த நாற்றத்தோடு. வரப்பைத் தாண்டி ஞானம்மாவின் நிலத்தில் இறக்கினார். செவ்வல். இரண்டையும் கத்தியால் வழித்து வரப்பின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் குனிந்து இரண்டையும் முகர்ந்து பார்த்தாள். நிமிர வெகுநேரமாயிற்று.

"அன்னைக்கும் இது இப்படித்தான் கெடந்துதா?"

"ஆமா."

"ஏமான் பாத்தியளா?"

"பாத்தேன்."

அவள் ஏசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவரும் அதற்காகக் காத்திருந்தமாதிரி இருந்தது. அவள் ஏசவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு கட்டு முளைக்குச்சிகளும் ஒரு கல்லும் எடுத்துவந்தாள்.

"எதுவர இந்தக் களி கெடக்கு? காட்டுங்க."

அவர் கம்பியைத் திருகி இறக்கிக்கொண்டே போனார். களி தட்டிய இடமும் தட்டாத இடமும் சந்திக்கும் ஓரத்தில் அவள் குச்சியை நட்டுக் கல்லால் அடித்தாள். அந்த ஓரம் எந்த வரப்புக்கும் கட்டுப்படவில்லை. தம்பியின் நிலத்தைச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேற்கே இரண்டு பேருடைய நிலத்தைக் குறுக்கே வெட்டி, வளைந்து திரும்பி, ஞானம்மாவின் நிலத்துக்குள் நுழைந்து அவள் அடுப்படிக்குப் பின்னால்வரை வந்தது. அவள் அங்கேயும் ஒரு குச்சியை அடித்தாள்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். யார் நிலத்தில் எவ்வளவு களி என்று எல்லோரும் குச்சிகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். மேற்குப் பங்குக்காரர் வயதானவர், அமைதியாகப் பேசுகிறவர். மகளுக்கு இந்த நிலத்தைச் சொல்லித்தான் கல்யாண ஆலோசனை வந்திருக்கிறது என்று எங்களிடம் சொன்னார்.

"ஏமானே, போதும். நேத்து வர எங்க எல்லாருக்கும் ஒரே மண்ணா இருந்துது. அது அப்படியே கெடக்கட்டும்."

"எனக்க தம்பி மடியன்னு பேரு வாங்கிட்டுப் போயிருக்கான்," என்றாள் ஞானம்மா.

"அந்தப் பேர வச்சது நீதானேட்டி," என்றார் மேற்குப் பங்குக்காரர். கடுமையாகச் சொல்லவில்லை.

கடைசித் துளைவரை போட்டுவிட்டு அவர் கம்பியைத் துடைத்தார். மாலை பஸ்ஸுக்காக மேட்டில் ரோட்டோரம் வந்து நின்றோம். அங்கிருந்து புறம்போக்கு முழுவதும் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்குப் பங்குக்காரர் தன் நிலத்துக் குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அடுத்த நிலத்துக்காரரும் வந்து தன்னுடையதைப் பிடுங்கினார். யாரும் கத்தவில்லை. பிடுங்கியதைக் கட்டி விறகுக்குக் கொண்டுபோனார்கள். ஞானம்மா அவர்களைத் தடுக்கவில்லை. தன் அடுப்படிக்குப் பின்னால் இருந்த குச்சியைத் தொடவும் இல்லை. அவள் தம்பியின் நிலத்துக்குள் போய், அங்கே சாய்ந்திருந்த குச்சி ஒன்றை நிமிர்த்தி, கல்லால் இன்னும் ஆழமாக அடித்தாள்.

பஸ் வந்தது. ஏறும்படி அவரைத் தொட்டுச் சொல்லவேண்டியிருந்தது.